வெயிலில் நின்ற செஸ்னா 172: எந்தக் கருவி சூட்டில் கெட்டது, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏப்ரன்வெயில்:

அனைவருக்கும் வணக்கம். 1978 செஸ்னா 172என் என்ற சிறு விமானம், அமெரிக்காவின் அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் கூரையில்லாத ஏப்ரனில் (விமானம் நிறுத்தும் தளம்) நிற்கிறது. ஜூன் கடைசியில் பத்து நாள் யாரும் எடுக்கவில்லை, கவரும் போடவில்லை. அந்த நாட்களில் நிழலிலேயே 44, 45 டிகிரி செல்சியஸ். மூக்கு தெற்குப் பார்த்து நின்றதால் பேனல் முழுக்க வெயில் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணில் பட்டவை இவை.

காம்பஸில் குமிழி. விடியற்காலையில் மொச்சைக்கொட்டை அளவு இருக்கிறது, மதியம் பார்த்தால் கடுகளவு. காம்பஸுக்கு நேர் கீழே கிளேர்ஷீல்டில் (பேனலின் மேல்விளிம்பு மறைப்பு) பழுப்பாக ஒரு கறை.

டைரக்‌ஷனல் கைரோ (ரோட்டர் என்ற சுழல்சக்கரத்தால் திசை காட்டும் கருவி) காலையில் 15 நிமிடத்துக்கு 3 டிகிரி நகர்கிறது. மதியம் எடுத்தால் 9 டிகிரி. ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் (விமானத்தின் சாய்வைக் காட்டும் கைரோ கருவி) காலையில் சட்டென்று நிமிர்கிறது, மதியம் ஆறேழு நிமிடம் ஆகிறது.

பிற்பாடு மாட்டிய ரேடியோவின் எல்.சி.டி. திரை சூட்டில் மொத்தமாகக் கறுத்துப்போகிறது. ஆறினால் திரும்பி வருகிறது, ஆனால் இரண்டு மூலையில் கறுப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஆல்டிமீட்டர் (உயரம்), ஏர்ஸ்பீட் (வேகம்), வி.எஸ்.ஐ. (ஏறும், இறங்கும் வேகம்) மூன்றும் சரியாகத்தான் தெரிகின்றன. இரண்டு கைரோவையும் கழற்றி ஓவர்ஹாலுக்கு (பிரித்துப் புதுப்பிக்க) அனுப்பச் சொல்கிறார்கள். கைரோ ஓவர்ஹால் ஆகி 400 மணி நேரம்தான் ஆகிறது. எதைக் கழற்றுவது, எதை விடுவது? நான் இப்போதுதான் ஏ அண்ட் பி (விமான மெக்கானிக்) உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கைரோபெஞ்ச்:

தம்பி, ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். முதலில் சூடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். முகப்புப் பக்கமா, முதுகுப் பக்கமா? வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

வெயில் முகப்பிலிருந்து தாக்கும். டயல் எழுத்து வெளுத்திருக்கும், கண்ணாடியில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும், கிளேர்ஷீல்டு வினைல் சுருண்டிருக்கும். கிளேர்ஷீல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்வரிசைதான் கீழ்வரிசையைவிட அதிகம் அடிபட்டிருக்கும். முகப்பு புதிதுபோல இருந்து, பின்னால் ரப்பர் குழாயும் வயர் உறையும் பழுத்திருந்தால் அது வெயில் செய்த வேலை இல்லை. எஞ்சின் பக்கத்துக் காற்றோ, ரேடியோ அடுக்கின் சூடோ அங்கே போகிறது.

சந்தேகம் தீர ஒரு எளிய வழி உண்டு. தொட்ட உச்ச வெப்பத்தைக் காட்டிவிட்டுத் திரும்பாமல் நிற்கும் வெப்பநிலை ஸ்டிக்கர் பட்டைகள் கிடைக்கும், 60 முதல் 110 டிகிரி வரை காட்டுபவை போதும். கிளேர்ஷீல்டு மேலே ஒன்று, கைரோவின் பெசலில் (முகப்புச் சட்டம்) ஒன்று, அதே கைரோ கேஸின் பின்புறம் ஒன்று, ரேடியோ ட்ரே மேல் ஒன்று. இரண்டு நாள் விமானத்தை நிறுத்தியே வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டை ஒட்டி ஒரு மணி நேரம் பறந்துவிட்டு மறுபடி பாருங்கள். நிறுத்தியபோது அசையாத பின்பக்கப் பட்டை பறந்தபோது ஏறியிருந்தால் குற்றவாளி சூரியன் இல்லை. இதற்கு இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நம்ப வேண்டாம். டயலைக் குறிவைத்தாலும் அது சொல்வது மேலிருக்கும் கண்ணாடியின் சூட்டைத்தான். பளபளக்கும் உலோகத்தில் காட்டுவது அதைவிடத் தப்பு.

இனி கைரோவுக்கு வருவோம். நீங்கள் சொன்ன எண்களிலேயே ஒரு தடயம் இருக்கிறது. டைரக்‌ஷனல் கைரோ நகர்வதில் ஒரு பங்கு பூமியின் சுழற்சியால் வருவது. மணிக்கு 15 டிகிரியை அந்த ஊர் அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் அது கிடைக்கும். பீனிக்ஸ் 33.4 டிகிரி வடக்கு, ஆக மணிக்கு 8.3 டிகிரி, 15 நிமிடத்துக்கு 2 டிகிரி. வட அரைக்கோளத்தில் இதனால் எண் குறைந்துகொண்டே வரும். அதே கைரோ சென்னையில் இருந்தால் 15 நிமிடத்துக்கு 1 டிகிரிகூட வராது. உங்கள் காலை நகர்வு 3 டிகிரியில் 2 பூமியின் கணக்கு என்றால் கைரோவின் கணக்கு 1 டிகிரிதான். பொதுவாக 15 நிமிடத்துக்கு 3 டிகிரிக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது என்பார்கள். பேரிங் போன கைரோ காலையில் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது.

அதனால் மதியம் சக்‌ஷன் எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள். கைரோவின் ரோட்டரைச் சுற்றவைக்கும் வேக்யூம் உறிஞ்சல் அது, அதை எழுதவே இல்லையே. 172என்னில் பச்சை வளைவு 4.5 முதல் 5.4 இன்ச் மெர்க்குரி, உங்கள் கையேட்டில் இருக்கும் எண்தான் இறுதி. சக்‌ஷன் இறங்கினால் ரோட்டர் வேகம் இறங்கும். டைரக்‌ஷனல் கைரோ நகரும், ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் சோம்பலாக நிமிரும். இரண்டும் ஒரே நேரத்தில் மோசமாகி, ஆறியதும் ஒரே நேரத்தில் தேறினால், இரண்டு கைரோவும் சொல்லிவைத்தாற்போல் கெட்டது என்று எண்ணுவதைவிட இரண்டுக்கும் பொதுவான குழாயைச் சந்தேகிப்பதே முறை.

அளக்கும் முறை இது. மதிய வெயிலில் தரையில் எஞ்சினை 1700 ஆர்.பி.எம்.மில் 15 நிமிடம் ஓட்டாதீர்கள், சிலிண்டர்கள் வெந்துவிடும். பட்டறையில் உள்ள மின் வேக்யூம் பம்பை ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) பக்கம் பம்புக்குப் போகும் குழாயில் இணையுங்கள். ரெகுலேட்டர் (உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் வால்வு) வழியில் இருக்கட்டும், 5.4ஐத் தாண்ட விடாதீர்கள். அழுத்தக் காற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் குழாயில் ஊதக் கூடாது, கைரோ அந்த நிமிடமே போய்விடும். விமானம் அசையாமல் நிற்பதால் நகர்வு துல்லியமாகத் தெரியும். டோபார் (இழுகம்பி) போட்டுத் திருப்பி வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு நான்கு திசையிலும் 15 நிமிடம் எடுங்கள். விடியலில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் சக்‌ஷனையும், கைரோ கேஸ் பின்புறத்தில் டேப் போட்டு ஒட்டிய தெர்மோகப்பிளின் (வெப்ப உணரி) எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

பம்பை நிறுத்தியதும் காதைப் பேனலோடு வைத்துக் கேளுங்கள். நல்ல ரோட்டர் மெல்லிய ரீங்காரத்தோடு பல நிமிடம் சுற்றி, தேய்ந்து தேய்ந்து அடங்கும். கரகரப்போ, பாதியில் வெட்டினாற்போல் நிற்பதோ பேரிங் கிரீஸ் வறண்டதன் அடையாளம். அடங்கும் நேரத்தைக் காலையிலும் மதியமும் குறித்து ஒப்பிடுங்கள்.

காம்பஸ்ரோஸ்:

கைரோவை அவர் பார்த்துக்கொள்வார். காம்பஸ் விஷயத்தில் தயக்கமே வேண்டாம், அது சூட்டில்தான் போயிருக்கிறது.

உள்ளே இருப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த, வாசனை நீக்கிய திரவம். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் கன அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு பெருகும். 25 டிகிரியிலிருந்து 70க்குப் போனால் 100 மில்லி 104 மில்லியை நெருங்கும். கூடுதலான அந்த 4 மில்லிக்கு இடம் கொடுக்கத்தான் பின்னால் டயஃப்ரம் (வளையும் சவ்வு) இருக்கிறது. அது இறுகிப்போனால் சூட்டில் திரவம் கேஸ்கெட் வழியே கசியும். ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது, வெளியே போன திரவத்தின் இடத்தில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் உங்கள் விடியற்காலை மொச்சைக்கொட்டை. மதியம் திரவம் பெருகிக் குமிழியை நெருக்குவதால் கடுகாகிறது. மதியம் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. காம்பஸைக் காலையில்தான் பார்க்க வேண்டும்.

கசிவு எங்கே என்று தெரிய: கேஸைத் துடைத்து உலர்த்தி, கண்ணாடி விளிம்பு, நிரப்பும் திருகு, பின் மூடி மூன்று இடத்திலும் டால்க் பவுடர் லேசாகத் தூவி ஒரு பகல் வெயிலில் விடுங்கள். கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கறுக்கும். முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை.

இன்னும் இரண்டு சோதனை. ஒரு சிறு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் உள்ளே இருக்கும் திசை அட்டையை 15 டிகிரி விலக்கிவிட்டு, காந்தத்தைத் தூரமாக எடுத்துவிடுங்கள். இடப்பக்கம் விலக்கினாலும் வலப்பக்கம் விலக்கினாலும் ஒரே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் 2, 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஊசிமுனை தேய்ந்திருக்கிறது. பிறகு டார்ச் அடித்துத் திரவத்தைப் பாருங்கள். தேநீர் நிறமாகவோ, அட்டையின் பெயிண்ட் செதில்கள் மிதந்தபடியோ இருந்தால் மேலே நிரப்புவதில் பயன் இல்லை, முழுசாகப் பிரித்து டயஃப்ரம், கேஸ்கெட் மாற்ற வேண்டும்.

கடையில் கிடைக்கும் விளக்கெண்ணெய், பேபி ஆயில், பிரேக் திரவம் என்று கண்டதை ஊற்றாதீர்கள். தடிமன் மாறினால் அட்டை சோம்பும் அல்லது ஆடிக்கொண்டே இருக்கும். பிரேக் திரவம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் தின்றுவிடும். எம்.ஐ.எல் 5020 என்று குறித்த காம்பஸ் திரவம் மட்டும்தான்.

நீங்கள் உரிமத்துக்குப் படிப்பதால் இதையும் சொல்கிறேன். எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை) விதி 65.81ன்படி ஏ அண்ட் பி மெக்கானிக் கருவிகளைப் பழுதுபார்க்கக் கூடாது. கழற்றலாம், மாட்டலாம், அவ்வளவுதான். பிரிப்பது அங்கீகாரம் பெற்ற ரிப்பேர் ஸ்டேஷனின் வேலை. இந்தியாவிலும் அங்கீகாரம் உள்ள பட்டறையிலிருந்து சி.ஏ. ஃபார்ம் 1 சான்றோடு வந்தால்தான் மாட்ட முடியும். இன்னொன்று, பகல் வி.எஃப்.ஆர். (வெளியே கண்ணால் பார்த்துப் பறக்கும்) பறப்புக்கு டைரக்‌ஷனல் கைரோவோ ஆட்டிட்யூட் இண்டிகேட்டரோ கட்டாயம் இல்லை, காம்பஸ் கட்டாயம். உங்கள் பட்டியலில் விமானத்தைத் தரையில் நிறுத்தும் தகுதி அதற்குத்தான் முதலில்.

காம்பஸ் திரும்பி வந்ததும் ஸ்விங் (விமானத்தைத் திசை திசையாகத் திருப்பிக் காம்பஸின் பிழையைத் திருத்துவது) செய்ய வேண்டும். இரும்புக் கட்டடம், வாகனம் எதுவும் பக்கத்தில் இல்லாத காம்பஸ் ரோஸில் (தரையில் திசைகள் குறித்த இடம்), எஞ்சின் ஓட, பித்தளை ஸ்க்ரூடிரைவரோடு. வடக்கில் வடக்கு-தெற்கு திருகால் பிழையைப் பூஜ்யமாக்குங்கள், கிழக்கில் கிழக்கு-மேற்கு திருகால். தெற்கில் இருக்கும் பிழையில் பாதியை மட்டும் எடுங்கள், மேற்கிலும் பாதி. அப்புறம் 30 டிகிரிக்கு ஒன்றாக ஒரு சுற்று, ரேடியோ போட்டும் அணைத்தும் எழுதிப் பிழை அட்டை தயாரியுங்கள். பிழை 10 டிகிரிக்கு மேல் எங்கேயும் இருக்கக் கூடாது. காந்தம் வைத்த சன்ஷேட் ஏதாவது காக்பிட்டில் கிடந்தால் முதலில் அதை வெளியே எறியுங்கள்.

ஏப்ரன்வெயில்:

மிக்க நன்றி. காம்பஸைக் கழற்ற ஏற்பாடு செய்தாயிற்று. டால்க் சோதனையில் பின் மூடியின் கீழ்விளிம்பு நனைந்தது.

கைரோபெஞ்ச் அண்ணா, நீங்கள் சொன்னபடி வெளி வேக்யூம் பம்ப் வைத்து, லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கின் மேற்பார்வையில் எடுத்த எண்கள்:

விடியல்: கேஸ் பின்புறம் 31 டிகிரி, சக்‌ஷன் 4.9. நான்கு திசையிலும் நகர்வு 2 முதல் 3 டிகிரி.

மதியம்: கேஸ் பின்புறம் 63 டிகிரி, ஆரம்பத்தில் சக்‌ஷன் 4.8. ஐந்து நிமிடத்தில் மெல்ல இறங்கி 4.1ல் நின்றது. நகர்வு 8 முதல் 9 டிகிரி.

ரோட்டர் அடங்கும் நேரம் இரண்டு வேளையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கரகரப்பு இல்லை. ஸ்டிக்கர் பட்டையில் ஒரு விசித்திரம். நிறுத்தியிருந்த இரண்டு நாளில் பின்புறப் பட்டை 65 வரைதான் போனது. ஒரு மணி நேரம் பறந்து வந்ததும் 82 காட்டுகிறது.

கைரோபெஞ்ச்:

இப்போது படம் தெளிவாகிவிட்டது. கைரோ இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சக்‌ஷன் ஆரம்பத்தில் நன்றாக இருந்து சூட்டில் மெல்ல இறங்குவது குழாய் தட்டையாவதன் அடையாளம். ரப்பர் பழுத்து, சூட்டில் இளகி, உள்ளிருக்கும் உறிஞ்சலால் வளைவில் உட்கார்ந்துவிடுகிறது. குளிர்ந்தால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், அதனால்தான் காலையில் பிடிபடவில்லை. சக்‌ஷன் கேஜ் எந்தக் கைரோவோடு இணைந்திருக்கிறது என்று குழாயைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். மதியச் சூட்டில் பம்ப் ஓடும்போது பேனலுக்குப் பின்னால் கையை விட்டு, ஒவ்வொரு வளைவையும் விரலால் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். எந்த வளைவை நிமிர்த்தும்போது ஊசி 4.8க்குத் துள்ளுகிறதோ அதுதான். ரெகுலேட்டரைத் திருகி 4.1ஐ 4.9 ஆக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மறுநாள் காலைக் குளிரில் குழாய் திறந்துகொள்ளும், சக்‌ஷன் வரம்பைத் தாண்டும், கைரோ அதிக வேகத்தில் சுற்றித் தேயும்.

ஒரு துண்டை மட்டும் மாற்றாமல் எல்லாக் குழாயையும் மாற்றுங்கள். பழுத்த ரப்பரின் உள்தோல் உதிர்ந்தால் உலர் பம்பின் கார்பன் இதழ்களுக்குள் போகும். கையோடு மத்திய ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், 500 மணி நேரம் அல்லது ஆண்டுக்கு ஒரு முறை. ரெகுலேட்டரைச் சுற்றியிருக்கும் நுரை வளையம் 100 மணி நேரம். பொருத்தும்போது திருகுப் புரிகளில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது, துணுக்கு உள்ளே போனால் அதுவே பம்புக்கு எமன்.

ஆனால் எனக்குக் கவலை தருவது அந்த 82தான். நிற்கும்போது 65, பறக்கும்போது 82 என்றால் எஞ்சின் பக்கத்திலிருந்து சூடான காற்று கருவிகளின் முதுகில் அடிக்கிறது. விண்ட்ஷீல்டுக்குச் சூடான காற்று தரும் டீஃப்ராஸ்டருக்குப் போகும் ஸ்கேட் குழாய் (வளையும் காற்றுக் குழாய்) பேனலுக்குப் பின்னால் கழன்றிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபின் ஹீட் குமிழை முழுசாக உள்ளே தள்ளிவிட்டு ஃபயர்வாலில் இருக்கும் வால்வுத் தட்டு உண்மையில் மூடுகிறதா என்று எஞ்சின் பக்கம் நின்று கண்ணால் பாருங்கள். கேபிள் சரிக்கட்டு தவறினால் குமிழ் மூடியது போலத் தெரியும், தட்டு சிறிது திறந்தே நிற்கும்.

அந்தக் காற்று எக்ஸாஸ்ட் மஃப்ளரைச் சுற்றிய உறையிலிருந்து வருவது. மஃப்ளரில் வெடிப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் கேபினுக்குள் வரும். உறையைக் கழற்றி மஃப்ளரை அழுத்தச் சோதனை செய்யாமல் அந்த விமானத்தைப் பறக்கவிடாதீர்கள். காம்பஸுக்காக எப்படியும் தரையில் இருக்கிறது, இந்த வேலையை இப்போதே முடியுங்கள். டிஜிட்டல் கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் ஒன்று இனி அந்தக் காக்பிட்டில் நிரந்தரமாக இருக்கட்டும்.

வயரிங்மேன்:

ரேடியோவை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

எல்.சி.டி. முழுக்கக் கறுத்து ஆறியதும் திரும்புவது கோளாறு இல்லை. குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து சாதாரணத் திரவமாகிவிடும், ஒளியை முறுக்க முடியாது. குளிர்ந்தால் ஒழுங்கு திரும்பும். மூலையில் நிலைத்துவிட்ட கறுப்பு வேறு. அது போலரைசர் படலம் பிரிந்ததாலோ விளிம்பு அடைப்பு விட்டதாலோ வருவது, திரும்பாது. விளிம்பிலிருந்து உள்நோக்கி வளரும். இன்று மூலை, அடுத்த கோடையில் அலைவரிசையின் கடைசி இலக்கம். அந்தத் திரை மாற்றத்தான் வேண்டும். கறுப்புக்குப் பதில் வரிவரியாக எழுத்து காணாமல் போனால் பெசலை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது எழுத்து வந்தால் திரை நன்றாக இருக்கிறது, போர்டோடு இணைக்கும் பட்டைதான் விட்டிருக்கிறது.

விமானக் கருவிகளின் தாங்குதிறனுக்கான டிஓ-160 சோதனையில் ஏ1 வகைக் கருவிக்கு மூன்று வரம்பு: தொடர்ந்து இயங்க 55 டிகிரி, குறுகிய நேரம் இயங்க 70, அணைந்த நிலையில் தாங்க 85. அதாவது 65, 70 டிகிரி கேபினில் சும்மா கிடப்பதை அந்த வகை ரேடியோ தாங்கும். அந்தச் சூட்டிலேயே சுவிட்சைப் போட்டு ஏ.டி.ஐ.எஸ். (விமான நிலையத் தகவல் ஒலிபரப்பு) கேட்க ஆரம்பிப்பதுதான் கெடுதல். தன் சொந்தச் சூட்டையும் அது சேர்த்துக்கொள்ளும். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு கதவையும் திறந்து வைத்து, எஞ்சின் ஓடிக் காற்று உள்ளே வந்த பிறகு ஏவியானிக்ஸ் சுவிட்ச்.

ரேடியோ அடுக்குக்குக் குளிர்விசிறி இருந்தால் அது சுற்றுகிறதா என்று கேளுங்கள். குழாய் ட்ரேயின் முனையில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். விசிறி ஓடும், குழாய் கழன்று தரையில் கிடக்கும், இது அடிக்கடி காணும் காட்சி.

ஆல்டிமீட்டர் கூட்டத்தைச் சரி என்று விட்டுவிட வேண்டாம். உள்ளிருக்கும் உலோகக் குடுவைக்கு 70 டிகிரி பெரிய விஷயம் இல்லை, ஆனால் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் இறுகி கேஸ் கசியும். இந்தக் கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தரும் ஸ்டாட்டிக் வழியில் 1000 அடி ஏற்றிக் காட்டும் அளவுக்கு மெல்ல உறிஞ்சி அடைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. வி.எஸ்.ஐ. ஊசி முட்டாத வேகத்தில்தான் உறிஞ்சவும் விடவும் வேண்டும். இதையும் காலை ஒன்று, மதியம் ஒன்று எடுங்கள்.

கவர் வாங்கும்போது வெளியே போடும் துணிக் கவராக வாங்குங்கள். வெயில் கண்ணாடிக்குள் நுழையும் முன்பே தடுக்கும். உள்ளே வைக்கும் பளபளப்புத் தட்டிதான் கிடைக்கிறது என்றால் விண்ட்ஷீல்டோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு வையுங்கள், ஒட்டினால் அக்ரிலிக் சூடேறி மயிரிழை விடும்.

ஏப்ரன்வெயில்:

கைரோபெஞ்ச் அண்ணா, நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. டைரக்‌ஷனல் கைரோவுக்குப் பின்னால் இரண்டாவது வளைவு. விரலால் நிமிர்த்தியதும் 4.1லிருந்து 4.8. அந்த வளைவுக்கு நான்கு விரற்கடை தூரத்தில் டீஃப்ராஸ்டர் ஸ்கேட் குழாய் கிளாம்ப் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஹீட் வால்வுத் தட்டும் ஒரு பென்சில் தடிமனுக்குத் திறந்தே நிற்கிறது. மஃப்ளர் உறையை நாளைக் காலை கழற்றுகிறார்கள். கைரோ ஓவர்ஹால் ஆர்டரை ரத்து செய்தாயிற்று.

ஒரு சந்தேகம்: புதுக் குழாய் போட்டதும் மதியச் சோதனையைத் திரும்ப நான்கு திசையிலும் எடுக்க வேண்டுமா, ஒரு திசை போதுமா?

கைரோபெஞ்ச்:

நான்கும் எடுங்கள். இத்தனை நாள் குறைந்த வேகத்தில், 80 டிகிரிச் சூட்டில் சுற்றிய கைரோ அது. நான்கில் ஏதாவது ஒரு திசையில் மட்டும் 4, 5 டிகிரி வந்தால் கிம்பல் (ரோட்டரைத் தாங்கும் வளையம்) பேரிங்கில் உராய்வு ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். அப்போது அந்த ஒரு கைரோவை மட்டும் அனுப்புங்கள். கழற்றும் முன் ரோட்டர் முழுசாக நிற்க, அணைத்த பிறகு குறைந்தது 15 நிமிடம் விடுங்கள். மஃப்ளர் சோதனையின் முடிவை இங்கே எழுதுங்கள்.